பதில் வரலைன்னா ‘இல்லை’ன்னு அர்த்தமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடை எங்க அம்மாகிட்ட இருந்து ஆரம்பிக்கறேன்.

கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கறதுக்கு முன்னாடி நடந்த கதை இது. அப்போ தாம்பரம் பக்கம் இருக்கறவங்க ஊருக்குப் போகணும்னா பெருங்களத்தூர்ல ரோட்டோரமா நின்னுதான் பஸ் ஏறுவோம். பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி, அம்மா ஒரு சைட்ல ஆம்னி பஸ் டிக்கெட் போட்டாங்க. சைட் பேர் வேண்டாம். பணம் கட்டினாங்க. வட்டம் சுத்துச்சு, சுத்துச்சு, சுத்திக்கிட்டே இருந்துச்சு. கடைசில சிவப்பு எழுத்துல ‘பேமென்ட் தோல்வி, மீண்டும் முயலவும்’னு வந்துச்சு. அம்மாவும் சொன்னபடி மறுபடி முயற்சி பண்ணாங்க. டிக்கெட் வந்துடுச்சு.

ராத்திரி போன். “டேய், என் பக்கத்து சீட்டு காலியாவே வருதுடா. யாரும் ஏறல. கண்டக்டர் கேட்டா, ‘ரெண்டு சீட்டும் உங்க பேர்லதாம்மா இருக்கு’ங்கறார்.”

பொங்கல் கூட்டம். பெருங்களத்தூர்ல அத்தனை பேர் சீட் கிடைக்காம நிக்கறாங்க. எங்க அம்மா பக்கத்துல ஒரு காலி சீட், அதுவும் எங்க காசுல, விழுப்புரம் தாண்டி போயிட்டிருக்கு.

முதல் பேமென்ட் தோல்வியே அடையல. பணம் போயிருக்கு, சீட்டும் பதிவாகியிருக்கு. அந்தச் செய்தி மட்டும் திரும்பி வந்து சேரல. அவ்வளவுதான் நடந்தது.

ஊருக்குப் போய் இறங்கினதும் அம்மா கேட்டாங்க. “கவுன்ட்டர்ல இருக்கறவர் ‘ஆச்சு’ம்பார், இல்ல ‘ஆகலை’ம்பார். இது ஏன்டா ஆனதை ஆகலைன்னு சொல்லுது?” இன்னிக்கு எபிசோட் முழுக்க அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

தள்ளுவண்டியும் டோக்கன் ஹோட்டலும்

முதல்ல ஒரு தள்ளுவண்டிக் கடையை நினைச்சுக்கோங்க. ஒரே ஆள். அவரே காசு வாங்குவார், அவரே தோசை ஊத்துவார், சில்லறையும் அவரே தருவார். எல்லா விஷயமும் ஒரே மண்டைக்குள்ள இருக்கு. நீங்க காசு கொடுத்தீங்களா, தோசை வாங்கினீங்களான்னு அவருக்குக் குழப்பமே வராது. சாஃப்ட்வேர்ல இந்த மாதிரி எல்லாத்தையும் ஒரே புரோகிராமுக்குள்ள வைக்கறதை மோனோலித்னு சொல்வாங்க. அது ஏதோ மட்டமான விஷயம்னு நினைச்சுடாதீங்க. சின்ன கடைக்கு அதுதான் சரி.

இப்போ தாம்பரம் மேற்குல பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கற மாதிரி ஒரு செல்ஃப் சர்வீஸ் ஹோட்டல். கேஷியர்கிட்ட காசு கொடுத்தா டோக்கன் தருவார். காபி வேணும்னா காபி கவுன்ட்டர், தோசை வேணும்னா தோசை கவுன்ட்டர். கேஷியருக்குக் காபி போடத் தெரியணும்னு அவசியமில்லை. நீங்க ரொக்கமா கொடுத்தீங்களா, போன்ல கட்டினீங்களாங்கற கவலை காபி மாஸ்டருக்குக் கிடையாது. அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற ஒரே ஒப்பந்தம் அந்த டோக்கன். நாளைக்குக் காபி மாஸ்டர் மாறலாம், அடுப்பு மாறலாம். டோக்கன் அதேதான்னா கேஷியருக்கு எந்த மாற்றமும் இல்லை. தோசைக்கல் அணைஞ்சுபோனாலும் காபி ஓடிக்கிட்டிருக்கும்.

இதுதான் சர்வீஸ் ஓரியன்டட் ஆர்க்கிடெக்சர். வேலையைத் தனித்தனி சேவைகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு சேவையும் தன் வேலையை மட்டும் பார்ப்பது. மற்றவர்களோடு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரு வடிவத்தில் மட்டும் பேசுவது. அந்த டோக்கனுக்கு நம்ம ஊழியர் பாஷையில ஏபிஐன்னு பேர்.

இந்த விஷயத்துல ஐடி ஆளுங்க அடிக்கடி சொல்ற கதை அமேசானோடது. அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் யெகி 2011-ல இதைப் பத்தி எழுதினார். 2002 வாக்கில் ஜெஃப் பெசோஸ் ஒரு உத்தரவு போட்டாராம். எந்தக் குழுவும் இன்னொரு குழுவோட டேட்டாபேஸ்ல நேரா கை வைக்கக்கூடாது. எல்லாரும் ஏபிஐ வழியாத்தான் பேசணும். அந்த ஏபிஐயை நாளைக்கு வெளியாளுக்கும் கொடுக்கற மாதிரி கட்டணும். 2006-ல அமேசான் தன்னோட ஸ்டோரேஜையும் கம்ப்யூட்டரையும் வெளி ஆட்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பிச்சுது. நாம கிளவுட்னு சொல்றது பெரிசா வளர்ந்தது அதுக்கப்புறம்தான்.

கிளவுட் வந்ததும் ஒரு விஷயம் மாறிடுச்சு. ஹோட்டல்ல கேஷியரும் காபி மாஸ்டரும் ஒரே கூரைக்கு அடியில இருந்தாங்க. இப்போ கேஷியர் மும்பையில, காபி மாஸ்டர் சிங்கப்பூர்ல, தோசைக்காரர் வேற கம்பெனில. நடுவுல இருக்கறது ஒரு ஒயர். இதை மனசுல வெச்சுக்கோங்க, அப்புறம் வருவோம்.

சேலையூரிலிருந்து ஆயிரம் விளக்கு வரை

இப்போ நம்ம ஊரிலேயே நடக்கற ஒரு பெரிய இணைப்பைப் பார்ப்போம். நீங்க சேலையூர்ல இருக்கீங்க, ஆபீஸ் ஆயிரம் விளக்கு. சேலையூரிலிருந்து தாம்பரத்துக்கு எம்டிசி பஸ். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயில். கிண்டியில மாறி ஆயிரம் விளக்குக்கு மெட்ரோ. ஒரே பயணம், ஆனா மூணு முதலாளிங்க. எம்டிசி தமிழ்நாடு அரசோடது. மின்சார ரயில் தெற்கு ரயில்வே, அதாவது மத்திய அரசு. மெட்ரோ, மத்திய மாநில அரசுகள் சேர்ந்து நடத்தற கம்பெனி.

பீச்–தாம்பரம் வழியில மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது 1931-ல. மெட்ரோ ஓட ஆரம்பிச்சது 2015-ல. நடுவுல எண்பது வருஷத்துக்கும் மேல இடைவெளி. இந்த ரெண்டோட கம்ப்யூட்டர் சிஸ்டமும் ஒரே மாதிரி இருக்கும்னு எதிர்பார்க்கவே முடியாது.

சட்டதிட்டங்களும் வேற வேற. மின்சார ரயில் டிக்கெட்டைப் பேப்பர் இல்லாம போன்லயே எடுக்கற வசதி 2015 ஏப்ரல்ல எழும்பூர்–தாம்பரம் பாதைலதான் சோதனை முறையா சென்னைக்கு வந்துச்சு. அதுல ஒரு விதி இருந்தது ஞாபகம் இருக்கா? ஸ்டேஷனுக்குள்ள நின்னுக்கிட்டு டிக்கெட் எடுக்க முடியாது, போன் ஜிபிஎஸ் வெச்சுத் தடுத்துடும். பரிசோதகரைப் பார்த்ததும் அவசர அவசரமா டிக்கெட் எடுக்கறவங்களைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. ஏன்னா மின்சார ரயில்ல கேட் கிடையாது. மெட்ரோவுக்கு இந்த விதி தேவையே இல்லை, கியூஆர் காட்டினாத்தான் கேட் திறக்கும். பஸ்ஸுல கண்டக்டர் இருக்கார். ஆக, ‘டிக்கெட்’ங்கற ஒரே வார்த்தைக்கு மூணு இடத்துல மூணு அர்த்தம்.

இதைச் சேர்க்கணும்னா ரெண்டு வழி. ஒண்ணு, மூணு சிஸ்டத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒரே பெரிய சிஸ்டம் கட்டறது. அதாவது எல்லாரையும் ஒரே தள்ளுவண்டிக்குள்ள நிறுத்தறது. ரயில்வே நம்ம தாம்பரத்துக்காகத் தன்னோட நாடு தழுவிய டிக்கெட் சிஸ்டத்தை மாத்தாது, மாத்தவும் கூடாது. இன்னொரு வழி, அவங்கவங்க சிஸ்டம் அவங்கவங்ககிட்டயே இருக்கட்டும், டோக்கனை மட்டும் பேசி முடிவு பண்ணிப்போம்கறது.

2025 செப்டம்பர் 22-ல முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வெச்ச ‘சென்னை ஒன்’ ஆப் இந்த ரெண்டாவது வழி. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமா கும்டா, இதைக் கொண்டுவந்தது. கும்டாவுக்கான சட்டம் வந்தது 2010-ல. ஆப் கட்டினது, ‘நம்ம யாத்ரி’ ஆட்டோ ஆப்புக்குப் பின்னாடி இருக்கற மூவிங் டெக். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில், ஆட்டோ, கேப் எல்லாத்தையும் ஒரே ஆப்புல, ஒரே கியூஆர்ல கொண்டுவர்றதுதான் நோக்கம்.

இந்த வழியில ஆப் டிக்கெட் அடிக்கற வேலையைச் செய்யறதில்லை. ‘எனக்கு ஒரு மெட்ரோ டிக்கெட் கொடு’ன்னு மெட்ரோகிட்ட கேட்டு வாங்கி உங்ககிட்ட காட்டுது. டோக்கன் ஹோட்டலோட கேஷியர் அது.

சரி, டோக்கனை யார் முடிவு பண்றது? கணக்கு ஒண்ணு போடுவோம். நாலு ஆப் இருக்கு, நாலு போக்குவரத்துச் சேவை இருக்கு. ஒவ்வொருத்தரும் ஒவ்வொருத்தரோட தனித்தனியா இணைஞ்சா 16 இணைப்பு. எல்லாருக்கும் பொதுவா ஒரே பாஷை இருந்தா, ஆளுக்கு ஒரு தடவை அந்தப் பாஷையைக் கத்துக்கிட்டா போதும், எட்டே இணைப்பு. 2021 கடைசில மத்திய அரசு ஆதரவோட ஆரம்பிச்ச ஓஎன்டிசி இந்தப் பொதுப் பாஷை முயற்சிதான். சென்னை மெட்ரோ டிக்கெட் அது வழியா பல ஆப்புகள்ல கிடைக்குது. யுபிஐயும் இதே யோசனைதான். 2016-ல அது வந்த பிறகு, எந்த பேங்கோட எந்த பேங்க் பேசணும்ங்கற கவலை டீக்கடைக்காரருக்கு இல்லாமப் போச்சு.

ஆபீஸ்லயும் இதேதான் நடக்குது. அட்டெண்டன்ஸ் ஒரு கிளவுட் ஆப், சம்பளம் இன்னொண்ணு, கஸ்டமர் விவரம் மூணாவது. இதையெல்லாம் கோர்த்துவிடறதுக்குன்னே ஜோஹோ ஃப்ளோ, ஜேப்பியர் மாதிரி சேவைகள் இருக்கு. ‘இங்கே ஃபார்ம் வந்தா அங்கே ஒரு பதிவு போடு’ன்னு மவுஸாலேயே கோர்த்துடலாம். ஜிஎஸ்டி ரோட்ல கூடுவாஞ்சேரி பக்கம் போற ஆபீஸ் பஸ்ல இருக்கற பலருக்கு இதுதான் தினசரி வேலை.

இதுவரைக்கும் கேட்டா எல்லாம் சுலபமா இருக்குல்ல? கோர்க்கறது சுலபம்தான்.

நான் பண்ணின தப்பு

வேலைக்குச் சேர்ந்த புதுசு. பெருங்குடியில ஒரு கம்பெனி. தினமும் மேடவாக்கம் வழியா பைக்ல போவேன். ஆன்லைன்ல விக்கற சின்ன கடைக்காரங்களோட ஆர்டரை ஒரு கூரியர் சர்வீஸுக்கு அனுப்பறதுதான் என் கோடு. நான் எழுதினது இவ்வளவுதான்: ஆர்டரை அனுப்பு, 30 விநாடி காத்திரு, பதில் வரலைன்னா மறுபடி அனுப்பு, மூணு தடவை வரைக்கும் முயற்சி பண்ணு.

படிக்க எவ்வளவு பொறுப்பா இருக்கு பாருங்க. ரிவ்யூல யாரும் ஒண்ணும் சொல்லல.

தீபாவளி சமயம். கூரியர் சர்வர்ல நெரிசல். அவங்க பதிவு பண்ணி பதில் சொல்ல 40 விநாடி ஆச்சு. என் கோடு 30-ல பொறுமை இழந்துடும். முதல் ஆர்டர் அங்கே பதிவாகுது, ஆனா எனக்குப் பதில் வரல, அதனால ரெண்டாவது அனுப்பறேன். அதுவும் பதிவாகுது. மூணாவதும்.

வீட்டிலிருந்தே புடவை விக்கற ஒரு அக்காகிட்ட இருந்து போன் வந்துச்சு. ஒரு பார்சலுக்கு மூணு பேர் வந்து நிக்கறாங்க. அது கூட பரவாயில்லை. கூரியருக்கு முன்கூட்டியே கட்டி வெச்சிருந்த பணம் மூணு மடங்கு வேகத்துல காலியாகி, உண்மையான ஆர்டர்கள் கிளம்பாம நின்னுபோச்சு. “தம்பி, தீபாவளி முடிஞ்சு புடவை போய்ச் சேர்ந்தா யார் வாங்குவா?” அவங்க கோபமா கூட கேட்கல. அதுதான் இன்னும் உறுத்துது.

அம்மாவுக்கு அந்த பஸ் சைட் பண்ணினதை, நான் அதுக்கு முன்னாடியே வேற ஒருத்தருக்குப் பண்ணியிருக்கேன். ரெண்டுலயும் தப்பு ஒண்ணுதான். பதில் வரலைன்னா ‘நடக்கலை’ன்னு எடுத்துக்கிட்டது.

தள்ளுவண்டிக்காரருக்கு ரெண்டு நிலைதான்: ஆச்சு, ஆகலை. நடுவுல ஒயர் வந்துட்டா மூணாவது ஒண்ணு சேர்ந்துடும்: தெரியலை. என் கேள்வி போய்ச் சேராம இருந்திருக்கலாம். போய்ச் சேர்ந்து வேலை நடக்காம இருந்திருக்கலாம். வேலை நடந்து முடிஞ்சு பதில் மட்டும் வழியில தொலைஞ்சிருக்கலாம். இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கறவனுக்கு மூணும் ஒரே மாதிரிதான் தெரியும். எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும், எவ்வளவு நல்ல நெட்வொர்க்கா இருந்தாலும், இந்த நிலையை ஒழிக்க முடியாது. அதை ஒத்துக்கிட்டு அதுக்குத் தகுந்த மாதிரி கட்ட மட்டும்தான் முடியும்.

கம்பியில் குத்திய டோக்கன்

எப்படிக் கட்டறது? மறுபடி ஹோட்டலுக்கு வாங்க.

காபி மாஸ்டர் டோக்கனை வாங்கினதும் என்ன பண்ணுவார்? ஒரு கம்பியில குத்தி வெச்சுடுவார். ஒவ்வொரு டோக்கன்லயும் நம்பர் இருக்கு. 47-ம் நம்பரை யாராவது மறுபடி கொண்டுவந்தா, ‘இது ஏற்கெனவே குத்தியாச்சே, உங்க காபி அதோ இருக்கு பாருங்க’ம்பார். புதுசா இன்னொரு காபி போட மாட்டார்.

நான் செஞ்சிருக்க வேண்டியது அதுதான். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நம்பர் கொடுத்து, மறுபடி அனுப்பும்போதும் அதே நம்பரோட அனுப்பியிருக்கணும். வாங்கற பக்கமும் ‘இந்த நம்பர் வந்தாச்சா’ன்னு பார்த்து, வந்திருந்தா பழைய பதிலையே திருப்பித் தரணும். அப்புறம் மூணு தடவை இல்ல, முப்பது தடவை அனுப்பினாலும் ஒரே ஒரு பார்சல்தான். இதுக்கு ஐடம்பொட்டென்சின்னு வாயில நுழையாத ஒரு பேர். பேரை மறந்துடுங்க, கம்பியை மறக்காதீங்க.

ரெண்டாவது, கேட்டுப் பார்க்கறது. ‘மறுபடி செய்’னு சொல்றதுக்கு முன்னாடி ‘47 என்ன ஆச்சு?’ன்னு விசாரிக்க ஒரு வழி இருக்கணும். பதில் வர்ற வரைக்கும் ஸ்கிரீன்ல ‘தோல்வி’ன்னு போடாம ‘உறுதியாகலை, கொஞ்சம் பொறுங்க’ன்னு போடணும். உண்மை அதுதானே.

மூணாவது, திருப்பிச் சரிக்கட்டறது. ஒரே டேட்டாபேஸா இருந்தா, பாதியில பிசகினா மொத்தத்தையும் ரத்து பண்ணிடலாம். தனித்தனிச் சேவைகளா இருக்கும்போது, நடந்ததை நடக்காததாக்க முடியாது, எதிர் வேலை ஒண்ணு செய்யத்தான் முடியும். சீட் போட்டாச்சா, கேன்சல் பண்ணு. பணம் எடுத்தாச்சா, ரீஃபண்ட் கொடு. ஹெக்டர் கார்சியா மோலினாவும் கென்னத் சேலமும் 1987-லயே இதை ஒரு கட்டுரையா எழுதி ‘சாகா’ன்னு பேர் வெச்சாங்க. கிளவுட் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடி.

இந்தச் சரிக்கட்டற வேலைக்கு நம்ம நாட்டுல சட்ட வடிவமே இருக்கு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல ஒரு சுற்றறிக்கை போட்டுச்சு. யுபிஐயில கடைக்குப் பணம் கட்டும்போது உங்க கணக்குல கழிஞ்சு, கடைப் பக்கம் உறுதி வரலைன்னா, பரிவர்த்தனை நாளுக்கு அப்புறம் ஐந்து நாளுக்குள்ள பணம் தானா திரும்பி வந்திருக்கணும். தாண்டினா நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நீங்க புகார் கொடுக்காமலே கிடைக்க வேண்டிய காசு அது.

அதனால அடுத்த தடவை வட்டம் சுத்தினா, உடனே மறுபடி கட்டாதீங்க. பேங்க் ஆப்லயோ எஸ்எம்எஸ்லயோ பணம் கழிஞ்சிருக்கான்னு பாருங்க. கழிஞ்சிருந்தா அந்த 12 இலக்க யுபிஐ நம்பரை எடுத்து வெச்சுக்கோங்க. அதுதான் உங்க டோக்கன் நம்பர். அப்புறம் அந்த ஆப்ல ‘என் புக்கிங்’ பக்கத்தைப் போய்ப் பாருங்க. அம்மா அன்னிக்கு அதைத் திறந்திருந்தா, முதல் சீட் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ரெண்டுமே உறுதியான டிக்கெட்ங்கறதால ரிசர்வ் வங்கி விதியும் அவங்களுக்குப் பொருந்தல. பஸ் கிளம்பினப்புறம் கேன்சலும் கிடையாது. அந்தக் காசு போனது போனதுதான்.

இதைக் கேக்கறவங்கள்ல பாதிப் பேர் ஐடியில இருப்பீங்க. அடுத்த தடவை ரெண்டு ஆப்பை இணைக்கச் சொல்லி டிக்கெட் வந்தா, டெமோல எல்லாம் பச்சையாத்தான் இருக்கும். அப்போ ஒரே ஒரு கேள்வி கேளுங்க. ‘பதில் வரலைன்னா நாம யாருக்கு என்ன சொல்லப் போறோம்?’ அதுக்குப் பதில் இல்லைன்னா அந்த வேலை இன்னும் முடியலை.

அம்மாகிட்ட இதையெல்லாம் விளக்கினேன். முழுசா கேட்டுட்டு, “அப்போ அதுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல?”ன்னாங்க. ஆமாம்மா. சொல்லியிருக்கலாம்.

உங்களுக்கும் இப்படி ரெட்டை டிக்கெட், ரெட்டை பில் கதை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, ஒரு எபிசோட்ல சேர்த்துக் கேப்போம். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே. தாம்பரம் ஃபாஸ்ட் வந்துடுச்சு, நான் ஓடறேன்.